ஒரு முழத் துரு

என் வீட்டுக்காரருக்குத் துருவைக் கண்டால் ஆகாது. லேத் பட்டறை வைத்திருக்கிற மனுஷன். கேட் கீலில் ஒரு புள்ளி தெரிந்தாலும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்தக் குணம்தான் எங்களைக் கவிழ்த்தது.

மூடிக் கிடந்த ஒரு கோழிப்பண்ணையில் அந்தக் காரைக் கண்டுபிடித்தது அவர்தான். உலகப் போருக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த பந்தய வண்டி. இரண்டே சீட், நீள மூக்கு, மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு. உலகம் முழுக்கத் தேடினாலும் அந்த மாடலை விரல்விட்டு எண்ணிவிடலாமாம். சீட்டுக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. கூடப் போன என் அண்ணன், "இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க, மாப்ள?" என்று சிரித்தானாம். அவன் பழைய வண்டி உதிரி சாமான் வியாபாரி. மதிப்புத் தெரியாதவனில்லை.

அதை விலைக்கு வாங்கி வந்ததற்கப்புறம் எனக்குப் புருஷன் இல்லை. கார் ஷெட்டில் ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். மரத்தை இழைத்தார். நசுங்கிய தகட்டை மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். இன்ஜினைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். பழைய கார் சங்கத்துக்காரர்கள் வந்து, 'இது அசல்தான்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் அவருக்கு. வாழ்க்கையில் அவராக ஆசைப்பட்டது அது ஒன்றுதான். என்னைக்கூட அவர் அம்மாதான் கேட்டு வந்தார்.

வண்டியைத் தாங்குகிற இரும்பு அடிச்சட்டம், அதான் சேஸிஸ், அதன் முன்நுனி ஒரு முழத்துக்கு அரித்துப்போயிருந்தது. கம்பெனியில் வண்டி நம்பர் அடித்திருந்ததும் அங்கேதான். இவருக்குப் பொறுக்குமா? அறுத்தெடுத்துவிட்டுப் புது இரும்பை வெல்டிங் செய்தார். அதே நம்பரை அச்சுப் பிசகாமல் தானே அடித்தார். பழைய துண்டு மூலையில் கிடந்தது.

"இந்தக் குப்பையெல்லாம் நான் தூக்கிட்டுப் போயிடறேன், மாப்ள" என்றான் அண்ணன்.

"புண்ணியமாப் போகும், மச்சான்" என்றார் இவர். நான் அவனுக்குக் காப்பி வேறு போட்டுக் கொடுத்தேன்.

சங்கத்திலிருந்து வந்த பரிசோதகர் காரைச் சுற்றி வந்து சொக்கிப்போனார். பிறகு மண்டியிட்டு நம்பரை விரலால் தடவினார்.

"இது நீங்க அடிச்சதா?"

"ஆமா."

"பழைய இரும்பு எங்க?"

"துருப்பிடிச்சிருந்துது. தூக்கிப் போட்டாச்சு."

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இதே நம்பர்ல ஒரு சேஸிஸ் போன மாசம் எங்ககிட்ட பதிவாயிடுச்சு சார். அதுல அசல் இரும்பு இருக்கு. நம்பர் இருக்கிற இரும்புதான் எங்களுக்கு வண்டி. உங்களுது நல்ல நகல்."

யார் பெயரில் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு முழத் துருவோடு மீதியைப் புதிதாகச் சேர்த்து அண்ணன் சேஸிஸ் கட்டியிருந்தான்.

மறுவாரம் கூச்சநாச்சமில்லாமல் வந்து நின்றான். "கோச்சுக்காதீங்க மாப்ள. ஆளுக்குப் பாதி வெச்சுக்கிட்டு என்ன பிரயோஜனம்? பாடியையும் இன்ஜினையும் குடுத்தா அசல் வண்டி முழுசாகும்."

நான் வாசலைக் காட்டினேன். "கூடப் பொறந்தவன்னு பாக்கறேன். போயிடு" என்றேன்.

என் கல்லுளிமங்கன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மச்சான் சொல்றது சரிதான்."

"எதுங்க சரி?"

"இது அந்த வண்டியோட பாடி. அதுமேலதான் இருக்கணும்."

அவரே கழற்றினார். ஒவ்வொரு போல்ட்டையும் துணியில் சுற்றிக் கொடுத்தார். லாரியில் ஏற்றும்போது, "கதவு பத்திரம் மச்சான், கீறல் விழுந்துடப்போகுது" என்று கூடவே ஓடினார். என் அண்ணன்மேல் வந்ததைவிட இவர்மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

கண்காட்சியில் அந்தக் காருக்கு முதல் பரிசு. பக்கத்துப் பலகையில் கண்டெடுத்தவர், புதுப்பித்தவர் என்று இரண்டு இடத்திலும் அண்ணன் பெயர். போட்டோவை அவனே அனுப்பியிருந்தான். எனக்கு இப்போது அண்ணன் கிடையாது.

ஷெட்டில் வெறும் சேஸிஸ் கிடக்கிறது. எடைக்குப் போடச் சொன்னால் காதில் வாங்குவதில்லை. காலையில் எழுந்ததும் எண்ணெய்த் துணியோடு போய், தான் அடித்த நம்பரைத் துடைக்கிறார்.

"இன்னும் எதுக்குங்க இது?"

"விட்டா துரு ஏறிடும்."

"ஏறட்டுமே. துருப்பிடிச்சதைத்தான அசல்னாங்க" என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.