பக்கத்து வீட்டு எருக்கு

அறுபதை நெருங்குகிற வயதில் மாயகிருஷ்ணனுக்கு வண்ணத்துப்பூச்சிக் கிறுக்குப் பிடித்தது. கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு இதெல்லாம் தேவையா என்று தெருவே சிரித்தது. அவர் அசருகிற ஆளா? கரிசல் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுச் செம்மண் அடித்தார். இட்லிப்பூ, சாமந்தி, உண்ணிச்செடி என்று வாசலை நிறைத்தார். பூச்சிகள் வந்தன, தேனைக் குடித்தன, சாப்பிட்ட கையோடு கிளம்புகிற விருந்தாளி மாதிரி போய்விட்டன.

ஃபோனில் தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பூ மட்டும் போதாது, முட்டையிடத் தோதான செடியும் வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் பறக்கிற வெந்தய வரியனுக்கு அது எருக்கு.

எருக்கு என்றதும் மனைவி சொர்ணத்தாய் காதைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்டுல எருக்கு முளைக்கன்னுதான் சாபம் விடுவாவ. நீங்க அதக் கொண்டாந்து நடுதீயளாக்கும்? நான் செத்தப்பொறவு நட்டுக்கிடுங்க."

மனைவிக்குப் பயந்தாரா, சாபத்துக்குப் பயந்தாரா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். ஆனால் ஆசை விட்டதா? பக்கத்து வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது.

அது பெருமாள்சாமியின் வீடு. புதூர்ப் பக்கம் ஆடு மேய்த்த குடும்பம். சிறுகச் சிறுகச் சேர்த்து இங்கே வீடு கட்டியவர், அதைப் பூட்டிவிட்டு மனைவியையும் மகள் முத்துசெல்வியையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். "ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லி ஒரு சாவியைக் கொடுத்திருந்தார். அண்ணாச்சி நன்றாகவே பார்த்துக்கொண்டார். அந்த வீட்டுக் கொல்லையில் எருக்கங்குச்சிகளைக் கொண்டுபோய் ஊன்றினார். பாத்தி கட்டிக் குடம் குடமாய்த் தண்ணீர் வேறு ஊற்றினார்.

தன் வீட்டுக்கு ஆகாதது அடுத்தவன் வீட்டுக்கு மட்டும் ஆகும் என்று எப்படித்தான் தோன்றியதோ! பூட்டிக் கிடக்கிற வீடுதானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். மழைக்குப் பிறகு எருக்கு ஆள் உயரம் வந்தது. வரியன்கள் அங்கே முட்டையிட்டு, பொரித்து, இவர் வாசலில் வந்து தேன் குடித்தன. ஸ்டேட்டஸில் படமாகப் போட்டுத் தள்ளினார். சிரித்த தெரு வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

தை பிறந்ததும் முத்துசெல்வியைப் பெண் பார்க்கப் பசுவந்தனையிலிருந்து வந்தார்கள். பையனும் திருப்பூரில்தான் வேலை. இருவருக்கும் பிடித்துப்போய், பெரியவர்கள் பேசி முடிப்பதுதான் பாக்கி. பெருமாள்சாமி குடும்பம் அன்று விடிகாலைதான் வந்து இறங்கியிருந்தது. முன்வீட்டைக் கழுவி விடவே நேரம் சரியாக இருந்தது. தெருவில் மதிப்பான ஆள் என்று மாயகிருஷ்ணனையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

பையனின் அத்தை கைகழுவக் கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்தவள் உட்காரவில்லை.

"கொல்லையில எருக்கு மண்டிக் கெடக்கு. யாரும் நட்டதா, தானா முளைச்சதா?"

எல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. நட்டது என்றால் வெறும் செடி. தானாக முளைத்தது என்றால் அந்தக் குடி விளங்காது.

பெருமாள்சாமி முழித்தார். "வீடு பூட்டிக் கெடந்துச்சு மதினி. அண்ணாச்சிதான் பாத்துக்கிட்டாவ. அவியளக் கேளுங்க."

எல்லா முகமும் திரும்பியது. கதவோரம் நின்ற முத்துசெல்வியும் அவரையே பார்த்தாள். நான்தான் நட்டேன் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் உங்க வீட்டில் ஏன் நடவில்லை என்று அடுத்த கேள்வி வருமே! அத்தனை பேர் முன்னால் மானம் போகுமே!

"தானா முளைச்சிருக்கும்" என்றார்.

"ஊருக்குப் போயிச் சொல்லி விடுதோம்" என்றாள் அத்தை. வைத்த காப்பியை யாரும் தொடவில்லை. பையன் மட்டும் வாசலில் ஒருதரம் நின்று திரும்பிப் பார்த்தான். மத்தியானமே ஃபோன் வந்துவிட்டது. வேண்டாமாம்.

மாயகிருஷ்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் பக்கத்துக் கொல்லையில் அரிவாள் சத்தம் கேட்டது. மதிலோரம் போய் எட்டிப் பார்த்தார். பெருமாள்சாமி எருக்கை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார். முத்துசெல்வி அழுது வீங்கிய முகத்தோடு கொப்புகளை இழுத்துப் போட்டாள். அடுத்த தூரில், ஓர் இலைக்கு அடியில் கூடு தொங்கியது. உள்ளே சிறகின் நிறம் தெரிந்தது. விடிந்தால் பூச்சி வெளியே வந்துவிடும். பெருமாள்சாமி அரிவாளை ஓங்கினார்.

"ஐயோ, அத வெட்டாதீங்க! கூடு இருக்கு!"

கத்தியபிறகுதான் அவருக்கே உறைத்தது. பெருமாள்சாமி அரிவாளைத் தாழ்த்தினார். தூரைச் சுற்றிக் கட்டியிருந்த பாத்தியை அப்போதுதான் கவனித்தார். பிறகு மதிலுக்கு மேல் தெரிந்த முகத்தைப் பார்த்தார்.

"நீங்க நட்டதா அண்ணாச்சி?"

"ஆமா. புத்தி கெட்டுப்போச்சு. இப்பவே பசுவந்தனைக்குப் போயி நெசத்தச் சொல்லுதேன். கால்ல விழச் சொன்னாலும் விழுதேன்."

பெருமாள்சாமி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். முத்துசெல்விதான் மதில் பக்கம் வந்தாள்.

"பூச்சிக்கூட்டுக்கு வாயத் தொறந்தீயளே பெரியப்பா. காலையில எனக்குத் தொறக்கலியே."

அவருக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"போயிச் சொல்லுங்க. நம்புனா நம்பட்டும்" என்றாள். "எங்க வீட்டுச் சாவிய மட்டும் வச்சிட்டுப் போங்க."

சாவியை மதில்மேல் வைத்துவிட்டு மாயகிருஷ்ணன் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். "என்ன அண்ணாச்சி, இன்னைக்குப் பூச்சி வந்துச்சா?" என்று தெருமுனையில் யாரோ கேட்டார்கள். அவர் தலையை நிமிர்த்தவில்லை.