ஒன்பதாம் படகு

கப்பலேறிய நான்காம் நாள் காலை, சிற்றுண்டி மணி அடிப்பதற்குள் டைம்கீப்பர் ஏழாம் தளத்தைப் பதினோரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தார். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. முப்பத்தோரு வருடம் பேருந்து நிலைய வாசலில் விசிலும் கையுமாக நின்று வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிட்டவர். மழை சாய்ந்து அடித்தது. குல்லாவுக்குள்ளேயே காது விறைத்தது. எதிரே, மலைகளின் அடியில், குளிரில் சுருண்டு படுத்தாற்போல ஒரு சின்ன ஊர். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருக்கிறாள் அவருடைய மகள். அவள் அவரோடு பேசி நான்கு வருடமாகிறது.

அறைக்குத் திரும்பியபோது மனைவி மூன்றாவது தடவையாகப் பையைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பின்னிய கம்பளிக் காலுறை மட்டும் ஆறு ஜோடி.

"எட்டு மணிக்கு நிக்க வேண்டிய கப்பல், எட்டு நாப்பதுக்கு நங்கூரம் போடறான். நம்ம டவுன் பஸ்ஸே தேவலை."

"நீங்க விசில் ஊதியிருந்தா கடல் ஒதுங்கி வழி விட்டிருக்கும்."

"மழைக்காலத்துல குளிர் பிரதேசத்துக்குச் சுற்றுலா! யார் கேட்டா இதை?"

"நான்தான் கேட்டேன். கப்பல் இங்க நிக்கிறது இந்த ஒரு மாசம்தான். உக்காருங்களேன், தரை தேயுது."

அவர் உட்காரவில்லை. துறை ஆழமில்லாததால் கப்பல் வெளியிலேயே நின்றது. நாற்பது பேர் நாற்பது பேராகச் சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோனார்கள். நேற்று மாலை படகுச் சீட்டுக் கொடுத்தபோது, மனைவி முகம் கழுவப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் பதினான்காம் எண்ணை வாங்கி வந்துவிட்டார். கடைசிப் படகு. கூட்டம் கரையட்டும் என்று சொல்லிப் பார்த்தார். "கூட்டத்துக்குப் பயந்த ஆளா நீங்க?" என்று மட்டும் கேட்டாள் அவள்.

ஒன்பதேமுக்காலுக்கு அறிவிப்பு வந்தது. காற்று ஏறுகிறது, ஒன்பதாம் படகோடு நிறுத்திக்கொள்கிறோம், மற்றவர்கள் மன்னிக்க வேண்டும்.

மனைவி திட்டவில்லை. பையின் முடிச்சை அவிழ்த்து, காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"அதையெல்லாம் உள்ள வை," என்றார். "கெளம்பு."

கீழ்த்தளத்தில் கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. ஒன்பதாம் படகு ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. பட்டியலும் கையுமாக நின்ற சீருடைப் பெண் அவர் சீட்டைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"பதினாலு கிடையாது சார். அறிவிப்பு கேக்கலையா?"

"பொண்ணு அந்தக் கரையில நிக்கிறா. பாத்து நாலு வருஷமாச்சும்மா."

அவள் பட்டியலில் விரல் ஓட்டினாள். "ரெண்டு பேர் இன்னும் வரலை. பத்து இருபதுக்குப் படகு எடுத்துடுவோம். அதுவரைக்கும் வரலைன்னா நீங்க ஏறிக்கலாம்."

மணி பத்து ஒன்பது. பதினோரு நிமிடம் அவர் மாடிப்படியையும் கைக்கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். யாரும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். தாமதமாக வருபவனை வாழ்நாள் முழுக்கத் திட்டியவர், முதல் தடவையாக ஒருவர் தாமதமாக வர வேண்டுமென்று ஆசைப்பட்டார். பத்து இருபது. "ஏறுங்க," என்றாள் அந்தப் பெண். மனைவி முதலில் இறங்கி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

கயிற்றை அவிழ்க்க மாலுமி குனிந்தபோது படியில் காலடிச் சத்தம். பக்கத்து அறை அம்மாள். புருஷன் இரண்டு நாளாக வாந்தியெடுத்துப் படுத்திருக்க, அவள் மட்டும் ஓடி வந்தாள். பாதி மாட்டிய மழைக்கோட்டு, மூச்சிரைப்பு, மேலே தூக்கிய ஒரு கை.

"நேரம் முடிஞ்சுபோச்சும்மா. ஆளும் நெறைஞ்சாச்சு," என்றான் மாலுமி.

தூக்கிய அந்தக் கையைத்தான் டைம்கீப்பர் பார்த்தார். அன்றைக்கும் மழை. வேலைக்கான நேர்காணலுக்குப் போக வேண்டிய மகள், மறந்த சான்றிதழை எடுக்க வீட்டுக்கு ஓடித் திரும்பி, இப்படித்தான் கையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைந்தாள். ஏழு பத்து வண்டி. அவர் அவளைப் பார்த்தார். தன் வீட்டுப் பெண்ணுக்காக வண்டியை நிறுத்தினான் என்று ஒரு சொல் வரக்கூடாதென்று விசிலை ஊதினார். வண்டி கிளம்பிவிட்டது; அவள் பேச்சும் அன்றோடு நின்றது.

"கயித்தை விடாதப்பா!" அவர் குரல் பேருந்து நிலையக் குரலாகவே வந்தது. படகே திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார்.

மனைவி சட்டையைப் பிடித்தாள். "உக்காருங்க! இதான் சாக்குன்னு தப்பிக்கிறீங்களா?"

"ஓடி வர்றாங்க, பாரு."

"அதுக்கு?"

அவர் படியில் நின்ற அம்மாளைப் பார்த்தார். பிறகு, "நீ போ. அவகிட்ட சொல்லு," என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் பிடி தளர்ந்தது. தட்டுத்தடுமாறிக் கப்பலுக்குள் ஏறினார். பக்கத்து அறை அம்மாள் கும்பிட்டபடியே அவர் இடத்தில் உட்கார்ந்தாள்.

ஏழாம் தளத்துக்கு வந்தவர் சுற்றவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகு அலையில் மறைந்து மறைந்து கரை சேர்ந்தது. அரை மணி கழித்துச் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. மனைவியின் எண். குரல் அவளுடையது அல்ல.

"அம்மா கதை விடறாங்கன்னு நெனச்சேன்."

அவர் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். "இல்லம்மா."

"எவ்வளவு நேரம் நிறுத்தினீங்க?"

"ஒரு நிமிஷம். ஒண்ணரை இருக்கும்."

"எனக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு."

"தெரியும்மா. உன்னைப் பாத்துட்டுத்தான் ஊதினேன்."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட, கவனிக்கவில்லை என்றுதான் நான்கு வருடமாகச் சொல்லி வந்திருந்தார்.

"நீங்க பாத்தது எனக்கும் தெரியும்," என்றாள் மகள். அழுகிறாளா, குளிரில் குரல் நடுங்குகிறதா என்று பிடிபடவில்லை. "அதைத்தான் உங்க வாயால கேக்கணும்னு இருந்தேன்." பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கப்பலுக்குத் திரும்பற கடைசிப் படகு ஒரு மணிக்காம். அம்மாவை ஏத்திவிட நான் துறைக்கு வருவேன். மஞ்சக் கோட்டு. கை காட்டறேன். தெரியுமா அங்கேர்ந்து?"

"தெரியும், தெரியும்," என்றார். கரையில் அவருக்கு மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

தளத்தைத் துடைக்க வந்த பணியாள் அவருடைய நனைந்த தோளைப் பார்த்துப் பதறினான். "உள்ள வாங்க சார், காய்ச்சல் வந்துடும்."

மணி பதினொன்றரை.

"ஒரு நிமிஷம் தம்பி," என்றார் டைம்கீப்பர், கரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.