பத்து வோல்ட்டிலும் விடாத ரிலே

"போன வாரம் வாங்கினேனே, அதே பன்னண்டு வோல்ட் ரிலே இன்னொண்ணு குடுங்கம்மா" என்றான் இன்ஜினியர், எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரம்மாவிடம். அவன் படித்த இன்ஜினியர் ஒன்றும் கிடையாது, ஃபேனும் அயர்ன்பாக்ஸும் ரிப்பேர் பார்ப்பவன். தெருக்காரர்கள் கிண்டலுக்கு வைத்த பெயர் அது. இந்த ஒரு வாரமாகத்தான் அய்யாவே அதை நிஜமென்று நம்ப ஆரம்பித்திருந்தார்.

எல்லாம் தங்கச்சியால் வந்த பெருமை. நுரையீரல் கெட்டுப்போன அவளுக்கு மூச்சு மெஷின் இல்லாமல் கால் மணி நேரம்கூடத் தாங்காது. கரண்ட் போனால் ஒரு பேட்டரி, அது இறங்கினால் தானாகவே இரண்டாவது பேட்டரி என்று நடுவில், பிடித்தால் ஒன்று, விட்டால் இன்னொன்று என்று மாறும் சுவிட்சாக ஒரு ரிலேயைப் போட்டுக் கொடுத்திருந்தான். "லீவு போட்டது போதும் மாப்பிள்ளை, தைரியமா வேலைக்குப் போங்க. ரிலே பாத்துக்கும்" என்று அவள் புருஷனையும் அனுப்பி வைத்துவிட்டான். பகலெல்லாம் அவள் தனியாகத்தான் இருக்கிறாள்.

பக்கத்து வீட்டிலும் அதே மாதிரி கேட்கிறார்களாம். கடைக்காரம்மாவிடம் ஒன்று விடாமல் அளந்தான்.

"எப்படி டெஸ்ட் பண்ணீங்க?" என்று கேட்டார் அவர்.

"முதல் பேட்டரி ஒயரைக் கழட்டினேன். டக்குனு மாறிடுச்சு."

"கழட்டினா ஒரேயடியா பூஜ்யம். பேட்டரி அப்படியா இறங்கும்?"

அவர் ரிலேயை ஒரு சப்ளையில் மாட்டி, குமிழை மெல்லத் திருகினார். பன்னிரண்டு, பதினொன்று. சத்தமே இல்லை. பத்து. மெஷின் பதினொன்றிலேயே நின்றுவிடும். எட்டு, ஐந்து, மூன்று. பாழாய்ப்போன ரிலே உடும்புப்பிடியாய்ப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கு வந்த பிறகுதான் 'டிக்' என்றது.

"இது பிடிக்கத்தான் ஒன்பது வோல்ட் வேணும், விடறதுக்கு அடியோட இறங்கணும். உங்களுக்கு வோல்ட்டேஜைப் பாத்து மாத்தற போர்டு வேணும்ங்க. பதினொண்ணரைல வெட்டுன்னு வெச்சா வெட்டும்."

அப்போதுதான் கடையின் இன்வெர்ட்டர் பீப் அடிப்பது அவன் காதில் ஏறியது. கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. முதல் பேட்டரி வேறு, பழைய கார் பேட்டரி.

போன் போட்டான். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டான், அதே கதைதான். கடைக்காரம்மா எடுத்து வைத்த போர்டைப் பறித்துக்கொண்டு ஓடினான். அவர் எதையோ சொல்லிக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. 'அடப்பாவி, உன் கையாலேயே அவளைக் கொன்னுட்டியேடா' என்று தன்னையே திட்டிக்கொண்டு, வெயிலில் நான்கு தெரு. எதிரே வந்த வண்டிக்காரன் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினான். செருப்பு ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை. அழுதுகொண்டேதான் ஓடினான்.

கதவைத் தள்ளினான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கச்சி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கையில், ரிலேயிலிருந்து பிடுங்கிய மஞ்சள் ஒயர். அதைப் பிடுங்கினால் ரிலே விட்டுவிடும், இரண்டாவது பேட்டரி ஏறிக்கொள்ளும்.

"போனை எடுக்க முடியலண்ணா. மூச்சு வாங்குது."

"உனக்கு... இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

"திங்கக்கிழமையே மெஷின் நின்னுச்சு. ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்தேன். இதை இழுத்ததும் ஓடுச்சு. கரண்ட் வந்ததும் திரும்பச் சொருகிடுவேன். இன்னியோட நாலு தடவை."

"ஏன்டி சொல்லல? பைத்தியமா நீ?"

"அவர் வேலைக்குப் போறதுக்கு நீதான் காரணம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தே. அவருக்கே இது தெரியாது. எப்படிண்ணா சொல்லுவேன்?"

அவன் பொத்தென்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தூக்கத்துல நின்னிருந்தா என்னடி பண்ணியிருப்பே?"

"அதான்ணா" என்றாள் அவள், கண்ணைத் திறந்து வைக்கப் பாடுபட்டபடி. "நான் தூங்கி நாலு நாளாச்சு."