பராசா தீவு

1

"யாருமே சொல்லாத ஒரு பொய்யைப் பற்றிக் கதை எழுதுங்கள்" என்றார் மாலை வகுப்பு ஆசிரியை. எனக்கு உடனே எங்கள் படகின் ரேடார் நினைவுக்கு வந்தது. பகலில் அதைப் பார்ப்பதுதான் என் வேலை. இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். பிறந்ததோடு சரி, இன்னும் நடக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "மூடுபனி கடலின் மேல் வெள்ளைப் போர்வையாக..." இல்லை. எங்கள் துறைமுக ஊரான இக்கிக்கேயில் யாரும் பனியைப் போர்வை என்று சொல்வதில்லை. திட்டத்தான் செய்வார்கள்.

இரண்டாவது: "கேப்டன் அன்செல்மோ பராசா ஒரு தீவைக் கண்டுபிடித்தார்."

இது பரவாயில்லை. போன வருடம் பனிக்குள் போகும்போது ரேடாரில் எதிரே ஒரு தீவு தெரிந்தது. எங்கள் கேப்டன் அதைச் சுற்றிக்கொண்டு போனார். பனி விலகியதும் பார்த்தால் வெறும் தண்ணீர். அன்றிலிருந்து மீன் இறக்குமிடத்தில் இன்னொரு படகின் கேப்டன் எலியாசர் அவரை விடுவதே இல்லை: "என்னய்யா பராசா, உன் தீவுல வாடகைக்கு வீடு கிடைக்குமா? மாமியாரக் குடி வைக்கணும்."

(இது அடிக்குறிப்பில் போயிருக்க வேண்டும்: எங்கள் கடல் குளிர்ந்தது. அதன்மேல் பாலைவனத்தின் சூடான காற்று மூடிபோல உட்காரும். வானத்துக்குப் போக வேண்டிய ரேடார் அலை மூடிக்கு அடியிலேயே வளைந்து ஓடி, எங்கோ தொலைவில் ஒரு மலையில் மோதித் தாமதமாகத் திரும்பும். கருவியோ அதை அடுத்த அலைக்கு வந்த பதில் என்று எடுத்துக்கொண்டு, மலையைப் பக்கத்தில் வரைந்துவிடும். பொய்தான். ஆனால் சொன்னவர் யாருமில்லை.)

3

"ஒரு கேலிக்காக இவ்வளவு மானம் பார்க்கிற கேப்டன் இருப்பாரா?" என்று வகுப்பில் கேட்டார்கள். இருக்கிறார். இதைப் படித்தால் என்னை வேலையை விட்டு அனுப்பியும் விடுவார். அடையாளம் தெரியாமலிருக்கக் கதையில் அவருக்கு மீசை வைத்துப் பார்த்தேன். (அவருக்கு ஏற்கெனவே மீசை உண்டு. எடுத்துவிட்டேன்.)

4

புனித பேதுரு திருநாள். சிலையை ஏற்றிய படகு முன்னே போகும், மற்ற எல்லாப் படகுகளும் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். அன்றைக்குப் பின்னால் வருகிற யாரும் தங்கள் ரேடாரைப் பார்ப்பதில்லை. புனிதர் வழி காட்டும்போது கருவியைப் பார்ப்பது மரியாதை இல்லையாம். இந்த வருடம் சிலையும் பாண்டு வாத்தியக்காரர்களும் எங்கள் படகில். எலியாசர் தனக்குத்தான் கிடைக்கும் என்று நினைத்திருந்தார்.

பனி இறங்கியது.

"கேப்டன், எதிரே ஒண்ணு தெரியுது."

"என்ன ஒண்ணு?"

"தீவு மாதிரி."

அவர் சிலையைப் பார்த்தார். "இன்னைக்குத்தானா சாமி?"

ரேடாரின் தூர அளவை மாற்றினேன்; அலை விடும் இடைவெளியும் அதோடு மாறும். உண்மையான தீவு என்றால் அதன் தூரம் மாறாது, பொய்த் தீவு என்றால் மாறிவிடும். இது தாவியது.

"பொய்யி!" கேப்டன் குதித்தார். பின்பக்கம் திரும்பி, "வாசிங்கடா!" என்றார். பாண்டு வாத்தியம் முழங்கியது.

ஆனால் தீவு இருந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நின்றது.

"அது கடல் அலை" என்றார் கேப்டன்.

"அலைன்னா ரேடாரோட ஒவ்வொரு சுத்துக்கும் மாறும் கேப்டன். இது மாறல. எலியாசர் படகும் வரிசையில இல்ல."

"அவன் கோவிச்சுக்கிட்டு வீட்ல படுத்திருப்பான்."

"கடல்ல நின்னு கோவிச்சுக்கிட்டு இருந்தா?"

சங்கு ஊதி எச்சரித்தாலும் கேட்காது, எல்லாப் படகும் ஊதிக்கொண்டிருந்தது. படகை நிறுத்தினால் பின்னால் வருபவர்கள் வந்து மோதுவார்கள்.

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "சரி யாரிட்சா. திருப்புன்னு சொல்லு, திருப்புறேன். ஊரே பின்னாடி திரும்பும். அங்க ஒண்ணும் இல்லன்னா, இனிமே அது யாரிட்சா தீவு. எலியாசருக்கு நீயே பதில் சொல்லிக்க."

5

முடிவு அ: நான் திருப்பச் சொன்னேன். பனி விலகியதும் அங்கே ஒரு கடற்சிங்கம்...

முடிவு ஆ: நான் வாயைத் திறக்கவில்லை. அது அலைதான் என்று...

இரண்டையும் அடித்துவிட்டேன். நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுவதை வைத்து நீங்கள் கணக்குப் போட வேண்டாம். எங்கள் படகு பெரியது. புள்ளிதான் சின்னது.

கேப்டன் சக்கரத்தைப் பிடித்தபடி என்னையே பார்க்கிறார். புள்ளி நெருங்குகிறது. நான் உங்களைப் பார்க்கிறேன்.

திருப்பவா, வேண்டாமா? வாய் திறந்து சொல்லுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், தீவுக்கு உங்கள் பெயரை வைக்க நான் ஏற்பாடு செய்கிறேன்.