நூற்றோராவது சிவப்பு

லீபா என்கிற இணைய நாணயத்துக்குத் தலைவர் கிடையாது, அலுவலகம் கிடையாது, கெஞ்சிக் காரியம் சாதிக்க ஒரு குமாஸ்தாகூடக் கிடையாது. விதியை மாற்ற வேண்டுமென்றால், அங்கங்கே கணினி ஓட்டுகிறவர்கள் தாங்களாகப் புது விதியை ஏற்றிக்கொள்ள வேண்டும். நாணயக் கணக்குக் கட்டம் கட்டமாக எழுதப்படும், எந்தக் கட்டம் எந்தக் கணினிக்கு வாய்க்கும் என்பது குலுக்கல் மாதிரி. ஏற்றிய கணினி ஒரு கட்டத்தை முடித்தால் திரையில் பச்சை விழும், ஏற்றாதது முடித்தால் சிவப்பு. முடித்தவர் பெயரும் கூடவே வரும். ஆயிரம் கட்டத்தில் சிவப்பு நூறைத் தாண்டினால் திட்டம் குப்பைக்குப் போகும்.

மிலாடாவின் திட்டத்துக்கு இதுதான் கடைசி ஆயிரம். திருடன் அள்ளிக்கொண்டு போன நாணயத்தை ஒரு நாளைக்குள் சொந்தக்காரர் திருப்பி இழுத்துக்கொள்ளலாம் என்கிற விதி. மூன்று வருஷம் தூக்கமில்லாமல் எழுதினாள். அதை எதிர்த்து நாற்பத்தொரு மறுப்பு எழுதிய ராடிம் இப்போது பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து ஊறுகாய்த் தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தார். செக் நாட்டுப் புர்னோ நகரத்தில் லீபாக்காரர்கள் எல்லாருக்கும் அந்த ஒரே பீர்க்கடைதான், எதிரிக்கென்று தனிக்கடையா இருக்கிறது!

கடைச் சுவர்த் திரையில் சிவப்பு சரியாக நூறு. பாக்கி ஆறு கட்டம்.

"பச்சை!" கடை அதிர்ந்தது. மறுபடியும் பச்சை. யாரோ மேசைமேல் ஏறி ஆட, "இறங்குடா, கால் உடைஞ்ச மேசை!" என்று கடைக்கார டாக்மார் துணியை வீசினாள். மூன்றாவதும் பச்சை. சிரித்துக்கொண்டே இருந்த மிலாடாவின் முகம் சட்டென்று வெளுத்தது.

"ராடிம் அண்ணே, செத்தேன்."

"ஏம்மா, ஜெயிக்கப் போறியே?"

"கிராமத்துக் குடிசையில என் மெஷின் ஓடுது. அதுல இன்னும் பழைய விதிதான் இருக்கு. ஊரையெல்லாம் மாத்துங்கன்னு கத்தினேன், என்னோடதை மறந்துட்டேன்!"

ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப்பானையில் விழுந்த கதைதான். நேரில் போய்த்தான் மாற்ற முடியும், குடிசைக்குப் போக ரெண்டு மணி நேரம் ஆகும். ராடிம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அந்தக் கிழட்டு மெஷினா? அஞ்சு வருஷமா ஒரு கட்டம் முடிச்சிருக்கா? அந்தச் சூட்டுல காளான் காயவைக்கத்தானே அது!"

"லட்சத்துல ஒரு வாய்ப்புன்னாலும் வாய்ப்புதானே அண்ணே!"

அவர் "ஓஹோ" என்றார். இன்னொரு பீர் கேட்டார். பச்சை. பச்சை. பாக்கி ஒன்றே ஒன்று. மிலாடா நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டு ராடிமின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிக் கட்டம் விழுந்தது. நிறம் வருமுன் பெயர் வந்தது: மிலாடா.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தன் விதியைத் தானே கொன்றவள் என்று பேரன் பேத்தி காலம்வரை சிரிப்பார்களே!

அப்புறம் கூரை பறக்கிற மாதிரி ஒரு கூச்சல். கண்ணைத் திறந்தால், பச்சை.

"எப்படி? எப்படி?"

ராடிம் மீசை நுரையைத் துடைத்தார். "போன ஞாயித்துக்கிழமை என் காளானைக் காயவைக்க உன் குடிசைக்குப் போனேன், சாவிதான் என்கிட்ட இருக்கே. பார்த்தா பழைய விதி ஓடுது. கேவலமா இருந்துச்சு, மாத்திட்டு வந்தேன்."

"நீங்க எதிரியாச்சே!"

"உன் விதிக்கு எதிரி. இப்பவும்தான். பச்சைன்னா பிடிச்சிருக்குன்னா அர்த்தம்? தயார்னுதானே! உன் மெஷின் தயாரா இல்லாம நான் ஜெயிச்சா அதெல்லாம் ஒரு ஜெயமா? போ!"

"இவ்வளவு நேரம் வாயைத் திறக்காம இருந்தீங்களே, பாவி மனுஷா!"

"மூணு வருஷம் என் தூக்கத்தைக் கெடுத்தே. அரை மணி நேரம் நீ தவிக்கக் கூடாதா?"

அவள் அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். பீர் கவிழ்ந்தது. சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்புமாக, "கடவுச்சொல் இல்லாம எப்படி உள்ளே போனீங்க?" என்றாள்.

"திருடன்கிட்டேருந்து ஊரைக் காப்பாத்தக் கிளம்பின மகராசி," என்றார் ராடிம், கடைக்கே கேட்கிற மாதிரி, "அதைச் சீட்டுல எழுதி மெஷின் மேலேயே ஒட்டி வெச்சிருக்கா!"