சும்மா ஒரு நடை

முதல் நாள் அம்மா படலையைத் திறந்து ஒழுங்கைக்கு இறங்கியபோது கையில் ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் பிழையாய்ப் போயிற்று. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுச் செல்லாச்சி மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“என்ன இலட்சுமிப்பிள்ளை, வெளிக்கிட்டிட்டீர்? ஆர் செத்தது?”

அது முப்பத்தெட்டாம் ஆண்டு. வேலணையில் எங்கள் வீட்டுப் பெண்கள் வண்டிலில்தான் போவார்கள். விடியற்காலையில், வெறுங்கையோடு, கால்நடையாகப் போனால் அது செத்தவீட்டுக்குத்தான்.

“ஒருத்தரும் சாகேல்லை மச்சாள்,” என்ற அம்மா அடுத்த வேலியைக்கூடத் தாண்டாமல் திரும்பி வந்துவிட்டாள்.

அம்மாவுக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு. சோற்றைக் குறைத்து, நாள்தோறும் உடம்பு வேர்க்க நடக்க வேண்டும், ஆனால் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது என்று ஊர்காவற்றுறை டாக்குத்தர் சொல்லியிருந்தார். இதே வருத்தத்தில்தான் பெரியம்மாவின் காலில் சின்னப் புண் வந்து, ஆறாமல் கறுத்து, முழங்காலோடு வெட்டி எடுத்தும் ஆள் தப்பவில்லை. அதன்பிறகு அம்மா குளித்துவிட்டு வந்ததும் தன் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், மீன்காரியின் பெட்டியில் வந்த மீனைப் பார்ப்பதுபோல, நம்பாமல்.

நான் அப்போது மொழிபெயர்ப்பு நாவல்களில் மூழ்கிக் கிடந்தேன். பனி விழும் ஊர்களில் சீமாட்டிகள் பிற்பகல் முழுவதும் மரங்களின் கீழ் காரணமில்லாமல் நடப்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“ஏன், அவையளின்ர வீட்டில அடுப்பு மூட்டுறேல்லையோ?” என்றாள்.

அப்பாவை நாங்கள் ஐயா என்போம். அவர்தான் வழி கண்டுபிடித்தார். சாய்வுக் கதிரையில் இருந்தபடியே, “இஞ்சாரும், அம்மன் கோயிலுக்கு நேர்த்தி எண்டு சொல்லும். பிறகு ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்,” என்றார்.

“பொய் நேர்த்தியோ?”

“உம்மட வருத்தம் அம்மனுக்குத் தெரியுந்தானே.”

கையில் பூத்தட்டம் வந்ததும் ஒழுங்கை வழிவிட்டது. செல்லாச்சி மாமி தன் மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கற்பூரம்கூடக் கொடுத்தனுப்பினாள். இரண்டு மாதத்தில் அம்மாவின் முகம் தெளிந்தது. தாகம் குறைந்தது, மூச்சு வாங்கவில்லை. பனங்கூடலுக்குள் சரிந்து விழும் வெயிலைப் பற்றியும், புகையிலைத் தோட்டத்து வரம்பில் நின்ற ஒற்றைக் கொக்கைப் பற்றியும் வந்து சொல்லத் தொடங்கினாள். பிறந்த ஊரை அவள் அப்போதுதான் காண்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் நேர்த்திக்குச் செருப்போடு போக முடியாது. டாக்குத்தர் சொன்னதில் பாதியை நாங்கள் எல்லோருமாக மறந்திருந்தோம், அல்லது மறக்க விரும்பினோம்.

ஆடி மாதம் ஒரு காலை அம்மா நொண்டிக்கொண்டு வந்தாள். குதிக்காலில் நாகதாளி முள். முள்ளை எடுத்துவிட்டோம், புண் ஆறவில்லை. டாக்குத்தரிடம் வண்டிலில் போய்க் கட்டு மாற்றி வந்த அந்த நாட்களில் ஐயாவின் சாய்வுக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. புண்ணின் ஓரம் கறுத்த அன்று அவர் கிணற்றடியில் நின்று முகம் கழுவிக்கொண்டேயிருந்தார். பிறகு, எங்களைப் பயமுறுத்தியது போதும் என்பதுபோல, அது மெல்லச் சிவந்து மூடியது.

ஐயா தோணியேறிப் பட்டினம் போய்ப் பெண்கள் போடும் செருப்பு ஒரு சோடி வாங்கி வந்தார். சுற்றியிருந்த தாளைப் பிரிக்காமலே அம்மாவின் பக்கத்தில் வைத்தார்.

“வளவுக்குள்ள போட்டுக்கொண்டு நடவும். றோட்டில வேண்டாம். பொம்பிளை செருப்போட போனால் சனம் சிரிக்கும்.”

அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். “அக்காவின்ர காலை எடுக்கேக்க ஒருத்தரும் சிரிக்கேல்லை. என்னைப் பாத்தாவது சிரிக்கட்டும்.”



மறுநாள் விடிய அவள் பூத்தட்டத்தை எடுக்கவில்லை. நான் படலையில் நின்று பார்த்தேன். காலுக்குப் பழகாத செருப்பு அடிக்கொரு தரம் குதிக்காலில் தட்டியது. கோயில் முடக்கில், தெருவிலேயே நின்று கைகூப்பினாள். உள்ளே திரும்பவில்லை. சாட்டிக் கடற்கரைப் பக்கம், காற்று வரும் திசைக்கு நேரே நடந்தாள்.

செல்லாச்சி மாமி ஒழுங்கைக்கு வந்தாள். மணலில் பதிந்திருந்த செருப்படியைக் குனிந்து பார்த்தாள். பிறகு இரண்டு பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் வெறும் பாதத்தை மெதுவாக அதற்குள் வைத்தாள்.