ஒன்றும் இல்லாத போன்

சிவபிரகாஷின் தக்காளித் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவள் நாகஜோதி. கன்னிவாடியில் ஏழு பெண்கள் அவளை நம்பித்தான் காலையில் தூக்குவாளியில் சோறு கட்டுவார்கள். பறிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் சிவபிரகாஷ் போன் அடிப்பார். எடுத்துச் சரியென்றால் வேலை உண்டு. எடுக்காவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அடித்துவிடுவார்.

போன வாரம் அவர் அடித்தபோது, அவர் பெயரை மறைத்துக்கொண்டு ஒரு வண்ணச் சக்கரம் சுற்றியது. அதற்குக் கீழே எழுத்து. நாகஜோதி எழுத்துக் கற்றதே தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, காந்திகிராமத்துக் காலேஜ் பிள்ளைகள் வந்து நடத்திய மாலை வகுப்பில்தான். கண்ணில் பட்ட எழுத்தை வாசிக்காமல் விட அவளுக்கு மனசு வராது. அதிலும் ‘உங்களுக்கு’ என்று தொடங்கிவிட்டால், பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை என்று நினைப்பாள். ‘உங்களுக்குப் பரிசு காத்திருக்கிறது, தொடவும்’ என்பதை எழுத்துக் கூட்டி வாசித்து, தொட்டும் விட்டாள். சீட்டு விளையாட்டு ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. சிவபிரகாஷ் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு வேறு ஆள் வைத்துக்கொண்டார்.

“இன்னொருக்கா இப்படி ஆச்சு, காய்ப்பு முடியிற வரைக்கும் அவுகதான் பறிப்பாக. பெறகு என்னையக் கொற சொல்லாத” என்றார்.

அடுத்த பறிப்பு வெள்ளிக்கிழமை. வியாழன் மத்தியானமே நாகஜோதி பானுப்ரியாவைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினாள். கூட்டத்திலேயே சின்னவள் பானுப்ரியா. வாய் மட்டும் பெரிசு.

பேகம்பூரில் முனீர் வைத்திருந்தது ஒற்றைக் கதவுப் போன் கடை.

“பாய், ஒண்ணுமே இல்லாத போனு ஒண்ணு குடுங்க.”

“டப்பா மட்டும் போதுமாக்கா?”

“கேலி பண்ணாதீக. பேசணும். தோட்டத்துல எந்தப் பக்கம் பறிப்புன்னு வாட்ஸ்அப்புல போட்டுவிடுவாக, அதப் பாக்கணும். வேற ஒரு சனியனும் உள்ள இருக்கப்படாது.”

முனீர் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து, போனுக்கு உயிர் கொடுத்து நீட்டினார். நாகஜோதி வரிசையாக வாசித்தாள். உடனடிக் கடன். சீட்டு விளையாட்டு. சேலை வியாபாரம். இன்றைய ராசி.

“இதெல்லாம் யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல. கம்பெனியிலயே போட்டுத்தான் வருது.”

“எடுத்துட்டுக் குடுங்க.”

முனீர் அழுத்தி அழுத்திப் பார்த்தார். சிலது போனது. சிலது அசையவில்லை.

“இது ரெண்டும் போவாதுக்கா. வேணும்னா தூங்க வைக்கலாம்.”

“தூங்குனது எந்திரிக்காதா?”

முனீர் அந்தப் பெட்டியை மூடி ஓரமாக வைத்தார்.

“நம்ம காசுல வீடு. உள்ள எவனோ கால நீட்டிப் படுத்திருக்கான்” என்றாள் பானுப்ரியா.

அடுத்த பெட்டியிலும் அதே கூத்து. அதற்கடுத்ததிலும் அதே.

“சுத்தமானதும் இருக்கு. ஆனா ரெண்டு மடங்கு வெல.”

“இல்லாததுக்கா கூடக் காசு?”

“இதுக்குள்ள கெடக்கானுகல்ல, அவனுக கம்பெனிக்குக் காசு குடுக்கிறானுக. அதான் இது மலிவு.”

நாகஜோதிக்குக் கோபம் பொங்கியது. யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை. முனீர் விற்கிறவர், அவ்வளவுதான். காசு வாங்கினவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

கடைசியில் முனீர் மேசைக்குள்ளிருந்து பழைய போன் ஒன்றை எடுத்தார். யாரோ ஒரு டீச்சரம்மா மாற்றிவிட்டுப் போனது. ஓரத்தில் கீறல். திறந்தால் நாலைந்து படம்தான், மீதியெல்லாம் வெறும் நீலம். ஏதாவது துள்ளிக் குதிக்குமா என்று நாகஜோதி வெகுநேரம் பார்த்தாள். குதிக்கவில்லை. சிம்மை மாற்றச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தாள்.

கையில் வாங்கியதும் எழுத்து வந்தது. ‘உங்கள் போனுக்குப் புதிய பதிப்பு தயார். இப்போதே நிறுவவும்.’

“இங்கயுமா பாய்?”

“இது நெசமானதுக்கா. போட்டே ஆகணும். இல்லேன்னா நாளைக்கு வாட்ஸ்அப் ஓடாது.”

“அதுவும் ‘உங்கள்’னுதான் கூப்பிட்டுச்சு, இதுவும் அப்படித்தான் கூப்பிடுது. நா எத நம்ப?”

“பழகப் பழகத் தெரியும்.”

“நா பழகுறதுக்குள்ள தக்காளி அழுகிரும்” என்று முணுமுணுத்துக்கொண்டே தொட்டாள்.

போன் இருண்டது. நடுவில் ஒரு வளையம் மட்டும் சுற்றியது. செத்த நேரம் என்றார் முனீர். வெயில் எதிர்க்கடைச் சுவரில் மேலேறி மறைந்தது. சிவபிரகாஷ் அடிக்கிற நேரம் வந்துவிட்டது. வளையம் நிற்கவில்லை.

“பழசுல சிம்மப் போடு மதினி.”

“அதுல அவரு அடிச்சா சக்கரம்ல வரும்? பாய், ஒங்க போனக் குடுங்க.”

சிவபிரகாஷின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். பானுப்ரியா அவள் கையைப் பிடித்தாள். “நாமளா கூப்பிட்டா கூலியக் கொறப்பாரு, தெரியும்ல?”

தெரியும். அதனால்தான் இத்தனை வருசத்தில் ஒருநாளும் வேலை கேட்டு அவளாக அடித்ததில்லை. கையை விடுவித்துக்கொண்டு அடித்தாள்.

“ஐயா, நாகஜோதி. நாளைக்கு எத்தன பேரு வர?”

“அட, நீயே கூப்பிடுற! வேற எங்கயும் வேல இல்லையோ?” அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “எல்லாரையும் கூட்டிட்டு வா. ஆனா தக்காளி வெல படுத்துக் கெடக்கு. போன வாரம் வந்தவுக கூலியக் கொறச்சுக்கிட்டுத்தான் பறிச்சாக. நீயும் அதுக்கே வா.”

நாகஜோதி மேசை மேல் கிடந்த போனில் சுற்றும் வளையத்தைப் பார்த்தாள்.

“சரிங்கய்யா.”

போனைத் திருப்பிக் கொடுத்தாள். பானுப்ரியா முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

“மத்தவளுககிட்ட யாரு சொல்றது? கிழிகிழின்னு கிழிப்பாளுக.”

“நாந்தான் சொல்லணும். நாளைக்கு எல்லாரும் வண்டியில ஏறுன பெறகு சொல்றேன், அப்பக் கிழிக்கட்டும்.”